ஹவாய் கிட்டாரை உண்டாக்கிய ஜோசப் கெகூகூ

பழைய படப் பாட்டுகளில் வழுக்கிக்கொண்டே போகும் ஒரு கிட்டார் ஒலி வருகிறதே, அதை ஹவாய் கிட்டார் என்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தவர் யார், அவர் என்ன ஆனார், நம்முடைய கோட்டுவாத்தியத்துக்கும் அதற்கும் உறவு உண்டா, வீட்டில் இருக்கும் சாதாரணக் கிட்டாரில் அதை வாசிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் பல வருடங்களாகக் கிட்டாரை மடியில் படுக்கவைத்து வாசிக்கிறவன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அவர் பெயர் ஜோசப் கெகூகூ. பசிபிக் கடலில் இருக்கும் ஹவாய்த் தீவுகளில் ஒன்று ஓவாஹு. அதன் வடகோடிக்கு அருகில் லாயியே என்று ஒரு கடலோர ஊர். 1865ல் மார்மன் என்ற அமெரிக்கக் கிறித்தவத் திருச்சபை நிலம் வாங்கி, கரும்பு பயிரிட்டு வளர்த்த குடியிருப்பு அது. அங்கே 1874 டிசம்பர் 29 அன்று பிறந்தார். குடும்பப் பெயர் அபுவாகெஹாவு. பெற்றோர் வைத்த ஹவாய்ப் பெயர் 'கெகூகூ' என்று தொடங்கி 'கமேஹமேஹா' என்ற அரசரின் பெயரில் போய் முடியும். ஒரே மூச்சில் சொல்ல முடியாத நீளம். மேடைக்கு அதன் தலைப்பகுதி மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டார்.

கெகூகூவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஹவாய்க்குக் கிட்டார் எப்படி வந்தது என்று பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அவர் செய்ததற்கான பாதி ஏற்பாடு அதில்தான் இருக்கிறது. 1793ல் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் கமேஹமேஹா அரசருக்குச் சில மாடுகளைப் பரிசாகக் கொடுத்தார். அவற்றைக் கொல்லக் கூடாது என்று அரசர் தடை போட, மாடுகள் பெருகிக் காட்டு மந்தைகளாகிவிட்டன. அவற்றை அடக்க 1830களில் மெக்சிகோ பக்கத்திலிருந்து ஸ்பானிய மொழி பேசும் மாட்டிடையர்களை வரவழைத்தார்கள். அவர்கள் கொண்டுவந்ததுதான் கிட்டார். 'எஸ்பன்யோல்' என்ற சொல்லே ஹவாய் நாக்கில் 'பனியோலோ' என்று மாறி, இன்றும் அங்கே மாட்டிடையர்களுக்குப் பெயராக இருக்கிறது.

கிட்டாரை வாங்கிக்கொண்ட ஹவாய்க்காரர்கள் அதன் சுருதியைத் தங்களுக்குத் தோதாக மாற்றினார்கள். சில தந்திகளைத் தளர்த்தி, இடது கையை வைக்காமல் வெறுமனே மீட்டினாலே ஒரு முழுக் கார்ட், அதாவது பல சுரங்கள் சேர்ந்த கூட்டு ஒலி, கேட்கும்படி வைத்துக்கொண்டார்கள். இந்த ஒரு பழக்கம் இல்லாவிட்டால் கெகூகூவின் இரும்புத் துண்டுக்கு வேலையே இருந்திருக்காது. சாதாரணச் சுருதியில் இருக்கும் கிட்டாரின் குறுக்கே நேராக ஒரு கம்பியை வைத்துப் பாருங்கள், காதில் விழுவது இரைச்சல். தளர்த்திய சுருதியில் வையுங்கள், எந்த இடத்தில் வைத்தாலும் இசைந்த ஒரு கூட்டு ஒலி வரும்.

சரி, 1889க்கு வருவோம். ஹவாய் அரச குடும்பத்தைச் சேர்ந்த பெர்னிஸ் பவாஹி பிஷப் தன் சொத்தை ஹவாய்ப் பிள்ளைகளின் படிப்புக்கு எழுதிவைத்திருந்தார். அந்தப் பணத்தில் அதே ஓவாஹுவில் உள்ள தலைநகர் ஹொனலூலுவில் 1887ல் திறக்கப்பட்டது கமேஹமேஹா ஆண்கள் பள்ளி. லாயியேவிலிருந்து கெகூகூவும் அவருடைய உறவுக்காரப் பையன் சாம் நைனோவாவும் அங்கே விடுதியில் சேர்ந்தார்கள். கிட்டாரை வாசித்துக்கொண்டே இருப்புப்பாதை ஓரமாக நடந்துபோகும்போது கீழே கிடந்த ஒரு போல்ட்டை கெகூகூ எடுத்துத் தந்தியின் மேல் வைத்து இழுத்தார், அந்த ஒலி அவரைப் பிடித்துக்கொண்டது. இதுதான் எல்லோரும் சொல்லும் கதை. சட்டைப் பையிலிருந்து சீப்பு நழுவித் தந்தியில் விழுந்தது என்றும் ஒரு கதை உண்டு. எனக்கு போல்ட் கதைதான் பொருந்தி வருகிறது. ஹொனலூலுவிலிருந்து கிளம்பும் ஓவாஹு ரயில் பாதை அந்த 1889ல்தான் போடப்பட்டு, நவம்பர் 16 அன்று, கலாகௌவா அரசரின் பிறந்தநாளில், மக்களை ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்கியது. பாதை போடும் வேலை நடக்கிற ஊரில் ஒரு பையன் காலில் போல்ட் தட்டுப்படுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஆனால் அந்த போல்ட்டோடு கதையை முடித்துவிடுவதுதான் கெகூகூவுக்கு நாம் செய்கிற பெரிய அநியாயம். கையில் கிடைத்ததைத் தந்தியில் தேய்த்துப் பார்க்காத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? அந்த ஒலியை விடாமல் பிடித்து ஒரு வாத்தியமாக ஆக்க அவருக்கு ஏழு வருடம் பிடித்தது. அந்த ஏழு வருடத்தில் என்னென்ன செய்தார் என்பதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

முதல் சிக்கல், எதால் இழுப்பது. போல்ட்டின் மரை தந்தியைக் கரகரவென்று அரைக்கும். அதை விட்டுவிட்டுக் கத்தியின் முதுகை வைத்துப் பார்த்தார். கத்தி மெல்லியது, கனம் போதாது. கனம் இல்லாவிட்டால் தந்தி துடிக்கும்போது அதுவும் சேர்ந்து அதிர்ந்து ஒலியைத் தின்றுவிடும். கடைசியில் பள்ளிக்கூடப் பட்டறையிலேயே விரல்களுக்குள் அடங்குகிற ஒரு வழவழப்பான எஃகுத் துண்டைச் செய்துகொண்டார். 'ஸ்டீல் கிட்டார்' என்ற பெயரில் இருக்கும் ஸ்டீல் அந்தத் துண்டுதான். கிட்டாரின் உடம்பு மரமாக இருந்தாலும் அது ஸ்டீல் கிட்டார்தான். ஹவாய் மொழியில் 'கீகாகிலா' என்பார்கள்.

அடுத்தது உயரம். கிட்டாரில் தந்திகள் கழுத்தை ஒட்டியே ஓடும். நம் வீணையில் மெட்டு இருப்பதுபோல அதில் ஃப்ரெட் என்ற உலோகக் கோடுகள் இருக்கின்றன. எஃகுத் துண்டு கொஞ்சம் அழுந்தினாலும் தந்தி போய் ஃப்ரெட்டில் இடித்து 'டக் டக்' என்று சத்தம் வரும். கெகூகூ தந்திகளைத் தூக்கிக் கட்டினார். தூக்கியதும் ஃப்ரெட்டின் வேலை போயிற்று. இனி அது கண்ணுக்கு ஒரு அடையாளம் மட்டும். சுருதியைக் காதும் கையும்தான் கண்டுபிடிக்க வேண்டும். விலங்குக் குடலில் செய்த வழக்கமான தந்திகளை விட்டுவிட்டு உலோகத் தந்திகளைப் போட்டதால் ஒலி நீண்டு நின்றது. கிட்டாரைச் செங்குத்தாகப் பிடித்தால் எஃகுத் துண்டை நிதானமாக நகர்த்த முடியாது என்பதால் மடியில் படுக்கவைத்தார். அப்புறம் இடது கைப் பழக்கம். துண்டுக்குப் பின்னால் வரும் விரல்களைத் தந்தியின் மேல் லேசாகப் படியவிட்டு, வேண்டாத அதிர்வை அடக்குவது. இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும், கைக்கு வர இரண்டு வருடமாவது ஆகும். எனக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆனது. பதினைந்து வயதில், முன்னால் யாரும் காட்டிக்கொடுக்காமல், இவை ஒவ்வொன்றையும் ஒரு பையன் தானாகவே கண்டுபிடித்திருக்கிறான் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இதில் உரிமை கொண்டாடுகிற வேறு பெயர்களும் உண்டு. ஜேம்ஸ் ஹோவா என்று ஒருவரைச் சொல்வார்கள். இன்னொருவர் கேப்ரியல் டேவியன். அவருடைய பெயர் நமக்குச் சுவாரசியமானது. அவர் இந்தியாவில் பிறந்தவர், ஒரு கப்பல் தலைவன் சிறுவயதில் கடத்திக்கொண்டு போய்விட்டான், கடைசியில் ஹொனலூலுவில் வந்து இறங்கினார், 1880களில் அவர் கிட்டாரில் புதுவிதமாக வாசித்து எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைத்தார் என்று ஹவாய் இசையமைப்பாளர் சார்லஸ் கிங் நினைவுகூர்ந்திருக்கிறார். இதைப் படிக்கிற நம் ஆட்களுக்கு உடனே கை பரபரக்கும். கோட்டுவாத்தியத்தைப் பார்த்த ஒரு இந்தியப் பையன்தான் அதை ஹவாய்க்குக் கொண்டுபோனான் என்று எழுதிவிடத் தோன்றும். அதற்கு ஆதாரம் கிடையாது. டேவியன் ஊரில் என்ன வாத்தியத்தைப் பார்த்தார், பார்த்தாரா என்பதற்கே ஒரு குறிப்பும் இல்லை.

கோட்டுவாத்தியத்தோடு ஒப்பிடலாமா என்றால், தாராளமாக ஒப்பிடலாம். வீணை போன்ற உடம்பு, மெட்டு கிடையாது, இடது கையில் ஒரு கருங்காலிக் கட்டை, அதைத் தந்தியின் மேல் வழுக்கிச் சுரம் பிடிப்பது. அடிப்படை ஒன்றேதான். திருவிடைமருதூர் சகாராம ராவ் அதைக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்தினார். அவருடைய சீடர் கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்கார் மைசூர் அரண்மனை வரை கொண்டுபோனார், மேல் தந்திகள் ஒலிக்கும்போது தாமாகவே சேர்ந்து அதிரும் ஒத்ததிர்வுத் தந்திகளையும் அடியில் சேர்த்தார். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் வாசித்ததைக் கேட்டவர்கள் அதை வாய்ப்பாட்டு என்றே சொல்வார்கள். நாராயண ஐயங்காரின் பேரன் ரவிகிரண் மூலமாக அது சித்திரவீணை என்ற பெயரில் நம் காலத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் கை போகிற வழி இரண்டிலும் வேறு. நாம் ஒரு தந்தியைப் பிடித்துக்கொண்டு சுரத்தை வழுக்கியும் அசைத்தும், ஜாரு, கமகம் என்று ராகத்துக்குள் இறங்குவோம். ஹவாய்க்காரர் துண்டை மூன்று நான்கு தந்திகளின் மேல் நேராகக் கிடத்திக் கூட்டு ஒலியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் இன்னொரு இடத்தில் இறக்குவார். முழுக் கார்ட்டும் சேர்ந்து வழுக்குகிற அந்த ஓசைதான் ஹவாய் முத்திரை. இரண்டு ஊரும் தனித்தனியாகக் கண்டுபிடித்த ஒரு நல்ல யோசனை என்றுதான் நான் நினைக்கிறேன்.

கெகூகூ வாலிபராக இருந்த காலம் ஹவாய்க்குப் பெரிய துக்க காலம். 1893 ஜனவரியில், அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து வீரர்கள் இறங்கி நிற்க, லிலியுவோகலானி அரசியை வெள்ளைக்கார வியாபாரிகளும் தோட்ட முதலாளிகளும் பதவியிலிருந்து இறக்கினார்கள். அந்த அரசி தானே பாட்டுக் கட்டுகிறவர். 1896ல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. 1898ல் தீவுகள் அமெரிக்காவோடு சேர்க்கப்பட்டன. சொந்த நாடு, சொந்த மொழி இரண்டும் கைவிட்டுப் போன தலைமுறை அது. அந்தத் தலைமுறையில் நிறையப் பேர் பாட்டையும் வாத்தியத்தையும் எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள். 1904ல் கெகூகூவும் ஏறினார். லாயியேவுக்குத் திரும்பி வந்து வாழ அவருக்கு அமையவில்லை.

அமெரிக்க மேற்குக் கரை நகரங்களில் மேடை மேடையாக வாசித்தார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1912 ஜனவரியில் நியூயார்க்கின் பிராட்வேயில் 'தி பேர்ட் ஆஃப் பாரடைஸ்' என்ற நாடகம் வந்தது. ஒரு ஹவாய்ப் பெண் வெள்ளைக்காரனைக் காதலித்துக் கடைசியில் எரிமலைக்குத் தன்னைப் பலி கொடுப்பதாகக் கதை. ஹவாயை அறியாதவர்களின் கற்பனை, அதில் எனக்கு மரியாதை இல்லை. ஆனால் அதில் வாசித்த ஐந்து பேரும் உண்மையான ஹவாய்க் கலைஞர்கள். அதில் ஸ்டீல் கிட்டார் வாசித்தவர் வால்டர் கொலோமோகு. கதையை மறந்தவர்கள்கூட அந்த ஒலியை மறக்கவில்லை. 1915ல் சான்பிரான்சிஸ்கோவில் பனாமா கால்வாய் திறப்பைக் கொண்டாட ஒரு பெரிய கண்காட்சி நடத்தினார்கள். 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேலானவர்கள் வந்தார்கள். ஹவாய் அரங்கில் நாள் முழுக்கப் பாட்டும் கிட்டாரும். அதற்கு அடுத்த வருடம் அமெரிக்காவில் மற்ற எந்த வகையையும்விட ஹவாய் இசைத்தட்டுகள்தான் அதிகம் விற்றன என்று சொல்வார்கள்.

அந்த நாடகம் ஐரோப்பாவுக்குப் போனபோது, 1919ல், கெகூகூ அந்தக் குழுவில் சேர்ந்தார். எட்டு வருடம் ஐரோப்பிய நகரங்களில் வாசித்தார். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, துக்கத்தில் இருந்த ஊர்களில் கடலையும் தென்னையையும் நினைவுபடுத்துகிற அந்த ஒலி எப்படி இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திரும்பி வந்து சிகாகோவில் இசைப்பள்ளி நடத்தினார், பிறகு நியூஜெர்சி மாநிலத்தில் டோவர் என்ற சிற்றூரில் குடியேறி அங்கேயும் மாணவர்களுக்கு எஃகுத் துண்டைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தார். 1932 ஜனவரி 16 அன்று மூளை ரத்தக்கசிவில் இறந்தார். வயது 57. டோவரிலேயே அடக்கம் செய்தார்கள். ஜனவரியில் பனி மூடிக் கிடக்கும் ஊர் அது.

கெகூகூவின் பெயர் இசைத்தட்டால் நிலைத்ததில்லை. இசைத்தட்டு நட்சத்திரங்கள் வேறு ஆட்கள். ஃபிராங்க் ஃபெரேரா 1915 முதல் நூற்றுக்கணக்கில் பதிவு செய்தார். அவருக்கு அடுத்து வந்த சோல் ஹோவோபியியை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். 1902ல் ஹொனலூலுவில் பிறந்தவர். 17 வயதில் மட்சோனியா என்ற கப்பலில் சீட்டு இல்லாமல் ஒளிந்து ஏறி அமெரிக்கா போய்ச் சேர்ந்து, லாஸ் ஏஞ்சலஸில் ஜாஸையும் ஹவாய்ப் பாட்டையும் ஒன்றாகக் குழைத்தார். 1920களின் கடைசியில் அவர் செய்த பதிவுகளில் இருக்கும் வேகமும் துல்லியமும் இன்றுவரை எங்களுக்கெல்லாம் உரைகல். 1938ல் மேடை வாழ்க்கையை விட்டுக் கிறித்தவ ஊழியத்துக்குப் போனார், 1953ல் மறைந்தார்.

மின்கிட்டாரின் பிறப்பிலும் இந்த வாத்தியத்துக்குத்தான் முதல் பங்கு. மடிக் கிட்டாரின் ஒலி மெல்லியது. டிரம்பெட்டும் டிரம்ஸும் உள்ள குழுவில் காணாமல் போய்விடும். முதலில் 1927ல் உடம்பை உலோகத்தில் செய்து உள்ளே அலுமினியக் கூம்புகளை வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர், அவரும் ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறவர்தான், காந்தத்தை வைத்து உலோகத் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பைச் செய்தார். அது பொருத்திய கிட்டாரை அவருடைய கூட்டாளி ரிக்கன்பேக்கர் 1932ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். உருண்டை உடம்பும் நீளக் கழுத்துமாக இருந்ததால் அதற்கு 'வாணலி' என்றே பெயர் விழுந்தது. மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் கிட்டார் அது. காப்புரிமை கேட்டு 1934ல் விண்ணப்பித்தபோது, இது வேலை செய்யுமா என்று அதிகாரிகளுக்கே சந்தேகம் வந்ததாம். ரிக்கன்பேக்கர் சில கலைஞர்களை வாஷிங்டனுக்கு அனுப்பி அந்த அலுவலகத்திலேயே வாசித்துக்காட்டச் சொன்னார். போனவர்களில் சோல் ஹோவோபியியும் ஒருவர். 1937ல் காப்புரிமை கிடைத்தது. கோப்புகளுக்கு நடுவே அந்தக் கிட்டார் ஒலித்த அந்தப் பகல் வேளையில் நானும் அங்கே இருந்திருக்கக்கூடாதா என்று பலமுறை ஏங்கியிருக்கிறேன்.

நீங்கள் சின்ன வயதில் லூனி ட்யூன்ஸ் கார்ட்டூன் பார்த்திருந்தால், படம் தொடங்கும்போது 'டொயிங்' என்று மேலே ஏறும் ஒரு ஒலி நினைவிருக்கும். அதுவும் ஸ்டீல் கிட்டார்தான், வாசித்தவர் மௌயி தீவில் பிறந்த ஃபிரெடி தவாரெஸ். ஃபெண்டர் நிறுவனத்தின் புகழ்பெற்ற ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிட்டாரை வடிவமைத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. அமெரிக்க நாட்டுப்புற மேடைகளில் கால்மிதி வைத்த பெடல் ஸ்டீலாகவும், கறுப்பின மக்களின் சில தேவாலயங்களில் ஆராதனை வாத்தியமாகவும், நைஜீரியாவில் கிங் சன்னி அடேயின் ஜூஜு இசையில் ஒரு குரலாகவும் அது மாறிப்போனது தனிக் கதைகள்.

இந்தியாவுக்கு வந்த வழியைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அது மறுபடியும் லாயியேவிலிருந்துதான் தொடங்குகிறது. 1908ல் சமோவாவில் பிறந்து லாயியேவில் வளர்ந்தவர் டாவ் மோயே. கெகூகூவின் ஊர்க்காரர். 1920களின் கடைசியில், மனைவி ரோஸோடு ஒரு குழுவில் சேர்ந்து ஆசியப் பயணத்துக்குக் கிளம்பியவர், சுமார் ஐம்பது வருடம் உலகத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். இரண்டாம் உலகப் போர் காலத்தில் அவர்கள் தங்கியது கல்கத்தா. கிராண்ட் ஹோட்டலில் வாசித்தார்கள். அவர்களுடைய மகள் டோரியன் பிறந்தது அந்த ஊரில்தான். கல்கத்தாவில் டாவ் மோயேயிடம் கற்றவர்களில் ஒருவர் கார்னி நீஸ். அலோஹா பாய்ஸ் என்ற குழுவை நடத்தி வானொலியில் ஹவாய் இசையைப் பரப்பியவர். சில வருடங்களில் வங்காளத்து வீடுகளில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் ஹவாய் கிட்டாரும் வந்து உட்கார்ந்துவிட்டது. ரவீந்திர சங்கீதத்தை அதில் வாசிப்பது ஒரு தனி வழக்கமாகவே ஆனது. வங்கக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தா அதில் பெயர் பெற்றவர். சுனில் கங்குலியும் வான் ஷிப்லியும் சினிமா மெட்டுகளை வாசித்த இசைத்தட்டுகள் நாடெங்கும் போயின. பழைய படப் பாட்டுகளில் நீங்கள் கேட்கிற அந்த ஒலி இந்தக் காலத்துச் செல்வாக்கு.

அதைச் சாஸ்திரிய சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர் ஜோத்பூர்க்காரரான பிரிஜ் பூஷன் காப்ரா. சரோத் மேதை அலி அக்பர் கானின் சீடர். சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு 1967ல் வந்த 'கால் ஆஃப் தி வேலி' தட்டில் கிட்டார் அவருடையது. அவருக்குப் பின் ஒத்ததிர்வுத் தந்திகளைச் சேர்த்து மோகன வீணை என்று பெயரிட்ட விஸ்வ மோகன் பட் 1994ல் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடரோடு கிராமி விருது வாங்கினார். காப்ராவின் மாணவர் தேபாஷிஷ் பட்டாச்சார்யா தனக்கென்று சதுரங்கி என்ற கிட்டாரையே செய்துகொண்டார். இவர்கள் கையில் துண்டு திரும்பவும் ஒற்றைத் தந்திக்கு வந்துவிட்டது, கார்ட் போய் மீண்ட் வந்தது, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் இந்துஸ்தானி முறை அது. தேபாஷிஷ் வாசிப்பைக் கேட்டுவிட்டு உடனே ரவிகிரணின் சித்திரவீணையைக் கேளுங்கள். கோட்டுவாத்தியத்தோடு உறவு உண்டா என்ற கேள்விக்கு உங்கள் காதே பதில் சொல்லும்.

இதற்கு நடுவில் ஹவாயிலேயே இந்த வாத்தியம் மங்கிப்போனது. 1970களில் ஹவாய்ப் பண்பாட்டு மறுமலர்ச்சி வந்தபோது இளைஞர்கள் தளர்த்திய சுருதியில் விரலால் வாசிக்கும் பழைய கிட்டார் முறையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஸ்டீல் கிட்டார் சுற்றுலாப் பயணிகளுக்கானது என்று தோன்றிவிட்டது. அந்த நேரத்தில் அதைத் தூக்கி நிறுத்தியவர் ஒஹாயோ மாநிலத்து வெள்ளைக்காரர் ஜெர்ரி பேர்ட். பையனாக இருக்கும்போது ஊருக்கு வந்த ஒரு கூடாரக் காட்சியில் ஹவாய்க் குழுவைக் கேட்டு மயங்கியவர். அமெரிக்க நாட்டுப்புற இசையின் தலைநகரான நாஷ்வில்லில் பெரிய பெயர் எடுத்த பிறகு 1970களின் தொடக்கத்தில் ஹொனலூலுவுக்கே குடிபோனார். ஹவாய்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கலையைத் திருப்பிச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்த ஆலன் அகாகா இன்று அடுத்த தலைமுறையை உருவாக்கிக்கொண்டிருக்கிறார். டாவ் மோயேவும் ரோஸும் வயதான காலத்தில் லாயியேவுக்குத் திரும்பி வந்தார்கள். 1929ல் டோக்கியோவில் தாங்கள் பதிவு செய்த பாட்டுகளை, பாப் பிராஸ்மன் என்ற இளைஞரோடு சேர்ந்து, சுமார் அறுபது வருடம் கழித்து மறுபடி பாடிப் பதிவு செய்தார்கள். டாவ் 2004ல், 95 வயதில், அந்த ஊரிலேயே கண்மூடினார்.

கெகூகூவின் பெயர் 1993ல் ஸ்டீல் கிட்டார் கலைஞர்களின் கௌரவப் பட்டியலில் ஏறியது. 2015ல் லாயியேவில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

கடைசிக் கேள்வி, உங்கள் கிட்டாரில் வாசிக்க முடியுமா என்பது. உலோகத் தந்தி போட்ட கிட்டாராக இருந்தால் முடியும். நைலான் தந்தி வேண்டாம். கழுத்தின் மேல்முனையில் தந்திகள் ஏறி உட்காரும் வெள்ளைத் துண்டுக்கு நட் என்று பெயர். அதன் மேல் மாட்டி உயரத்தைக் கூட்டுகிற ஒரு உலோகப் பட்டை வாத்தியக் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் நட்டை ஒட்டித் தந்திகளுக்கு அடியில் ஒரு தடித்த பென்சிலைச் செருகுங்கள், பழகிப் பார்க்க அது போதும். இழுக்கும் துண்டுக்கு, மெக்கானிக் பெட்டியில் இருக்கும் நீளமான ஸ்பானர் சாக்கெட் ஒன்றைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொள்ளலாம். வெளிப்பக்கம் வழவழப்பாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து சுருதி. மேற்கத்திய சுரப் பெயர்களில் சொன்னால், தடித்த ஆறாம் தந்தியை ஈ (E) யிலிருந்து டி (D) க்கும், ஐந்தாவதை ஏ (A) யிலிருந்து ஜி (G) க்கும், மெல்லிய முதல் தந்தியை ஈயிலிருந்து டிக்கும் இறக்குங்கள். நடுவில் உள்ள மூன்றையும் தொட வேண்டாம். எல்லாமே தளர்த்துவதுதான், தந்தி அறுந்துவிடும் என்ற பயம் இல்லை. வெறுமனே மீட்டினால் ஜி மேஜர் என்ற கார்ட் கேட்கும்.

கிட்டாரை மடியில் படுக்கவையுங்கள். துண்டை ஐந்தாம் ஃப்ரெட்டின் உலோகக் கோட்டுக்கு நேர் மேலே வையுங்கள், இரண்டு கோடுகளுக்கு நடுவில் வைத்தால் சுருதி தப்பும். அழுத்தாதீர்கள், துண்டின் சொந்தக் கனமே போதும். பின்விரல்கள் தந்தியில் படிந்திருக்கட்டும். முதல் மூன்று தந்திகளை மீட்டிவிட்டு, ஒலி அடங்குவதற்குள் ஏழாம் ஃப்ரெட்டுக்கு மெதுவாகக் கொண்டுபோங்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் கையை நூலளவுக்கு முன்னும் பின்னும் அசையுங்கள். முதல் நாள் சுருதி கொஞ்சம் தப்பும், பரவாயில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை இழுங்கள்.